நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே ஓர் ஓலைப்பெட்டி

ஐப்பசி நடுவில், சுசீந்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு வாசகி எழுதியிருந்தார்.

“எனக்குப் பனையோலைப் பெட்டி முடையத் தெரியும். என் சினேகிதி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாம்பூலம் வைத்துக் கொடுக்க 300 சின்னப் பெட்டி வேண்டும் என்று கேட்டாள். ஆசையில் சரி என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை ஏக்கர் கும்பப்பூ நட்டிருக்கிறோம். இரண்டு கறவை மாடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், நடக்க முடியாத மாமியார். நேரத்தை எங்கே தேடுவது? அவளிடம் காசு கேட்கலாமா, கூடாதா?”

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விக்கு அது போதாது. கைத்தொழில் தெரிந்த பெண் இருக்கிற எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் இது பொருந்துகிற கேள்வி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மணிக்கணக்கு

ஓலை கிழிப்பது, நனைப்பது, அடி முடைவது, பக்கம் எழுப்புவது, விளிம்பு கட்டுவது, மூடி செய்வது எல்லாம் சேர்த்துப் பழகிய கைக்கு ஒரு சிறு பெட்டிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 300 பெட்டிக்கு 375 மணி நேரம். ஐப்பசி நடுவிலிருந்து தை முதல் வாரம் வரை ஏறக்குறைய 80 நாள். மழை, காய்ச்சல், விசேஷம், களையெடுப்பு என்று பத்து நாளைக் கழித்தால் 70. மாடும் பிள்ளைகளும் மாமியாரும் போக ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. 140 மணி நேரத்தில் 112 பெட்டி ஆகும். மீதி 188 பெட்டியைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பெட்டி கேட்டவரும் போட்டிருக்க மாட்டார், சரி என்றவரும் போட்டிருக்க மாட்டார். வயலுக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்கிறவர்கள்கூட, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மணி எண்ணுவதில்லை. ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்தது’ என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படிச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திராவின் நரசாபூர் காட்டியது. மேற்கு கோதாவரிப் பகுதியில் உள்ள அந்த ஊரைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஊசியால் லேஸ் பின்னினார்கள். அது வெளிநாடுகளுக்குப் போனது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பெண்கள் வீட்டு வேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னியதையும், அந்தக் கூலி வயல் கூலியைவிட மிகக் குறைவாக இருந்ததையும் அவர் பதிவு செய்தார். வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் அதை வீட்டுப் பெண்களின் ஓய்வு நேர வேலை என்றே சொல்லிவந்தார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க இடமில்லாமல் போய்விடுகிறது.

லேஸ் என்றதும் நாகர்கோவில்காரர்களுக்குச் சொந்த ஊர்க் கதையே நினைவுக்கு வரும். 1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற பெண்மணி கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே லேஸ் கூலியைச் சேர்த்து, பணம் கட்டித் தங்களை அடிமைத் தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. ஒரே லேஸ்தான். அந்தப் பெண்களின் கையில் கூலி எண்ணப்பட்டு வந்து சேர்ந்தது. நரசாபூரில் அது எண்ணப்படவே இல்லை.

வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலை

விவசாய வீட்டில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பியபின் அரை மணி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி, பிள்ளைகள் பாடம் எழுதும்போது அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளுக்குள் அடங்கும் தொழில் எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

தோவாளைப் பூ அடங்காது. அங்கே மாணிக்கமாலை கட்டுகிற கைகளுக்கு ஈடு கிடையாது. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பட்டையாகக் கோத்துக் கல் பதித்த நகைபோல் ஆக்கிவிடுவார்கள். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பூ காத்திருக்காது. விடியுமுன் சந்தை, வெயிலுக்குள் மாலை, மதியத்துக்குள் கோயில். குடும்பமே பூவின் நேரத்துக்கு எழுந்து படுத்தால்தான் அது நடக்கும். பூவையே தொழிலாகக் கொண்ட வீடுகளுக்கு அது சரி. மாடு கத்தும்போது எழுந்து போகவேண்டிய வீட்டுக்குச் சரிவராது.

கயிறு திரிக்க ராட்டும் இரண்டு மூன்று ஆளும் நீளமான இடமும் வேண்டும். தென்னை ஈர்க்கு சீவி வாரியல் கட்டுவது எந்த நேரத்திலும் செய்யலாம், வருமானம்தான் சொற்பம். தையல் மெஷின் நல்லதுதான், ஆனால் அதற்கு வெளிச்சமும் கரண்டும் சுத்தமான கையும் வேண்டும். சாணி அள்ளிய கையோடு கல்யாண ரவிக்கைத் துணியைத் தொட முடியாது.

பனையோலை காத்திருக்கும். பாதி முடைந்த பெட்டியை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனால் மாலையில் அதே பதத்தில் இருக்கும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வளையும். ஆனால் ஈரத்தோடு இரண்டு மூன்று நாள் மறந்துவிடக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்து மழைக்காலத்தில் அதற்குள் கரும்புள்ளி விழுந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஓலை வேலை முழுவதும் ஒரே மாதிரியான கவனத்தைக் கேட்பதில்லை. ஈர்க்கு நீக்குவதும் ஓலையை ஒரே அகலத்தில் கிழிப்பதும் கண் பழகினால் பேசிக்கொண்டே செய்யலாம். அடி முடைவதற்குத்தான் எண்ணிக்கை முக்கியம். ஒரு இழை தவறினால் பெட்டி கோணும். அதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் கிடைக்கும் அமைதியான அரை மணியில் ஐந்தாறு பெட்டிக்கு மொத்தமாகப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பக்கம் எழுப்புவது திண்ணைப் பேச்சோடு நடக்கும். விளிம்பு கட்டுவதற்கு விரல் பலம் வேண்டும், பனைநாரை இறுக்கி இழுக்க வேண்டும். களைத்த கையால் இரவு ஒன்பது மணிக்கு விளிம்பு கட்டினால் பெட்டி ஒரே மாதத்தில் வாய் பிளக்கும். ஒரு பெட்டியை முழுதாக முடித்துவிட்டுத்தான் எழுவேன் என்று உட்காருகிறவர்களுக்கு நேரம் கிடைப்பதே இல்லை. வேலையைப் பிரித்து, அந்தந்த வேலைக்கு ஏற்ற துண்டு நேரத்தில் வைக்கிறவர்களுக்குக் கிடைக்கிறது.

நெல்லின் மாதமும் ஓலையின் மாதமும்

நாஞ்சில் நாட்டில் கன்னி மாதத்தில் அறுப்புக்கு வருவது கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுப்புக்கு வருவது கும்பப்பூ. கைத்தொழிலும் இந்த இரண்டு பூவுக்கு இடையில்தான் ஒதுங்க வேண்டும். நடவு மாதத்திலும் அறுப்பு மாதத்திலும் ஆர்டர் வாங்கக் கூடாது. எவ்வளவு நெருங்கிய சினேகிதியாக இருந்தாலும் கூடாது. கும்பப்பூவில் கார்த்திகைக்குள் களையெடுத்து மேலுரம் இட்டு முடித்துவிட்டால், மார்கழியும் தை முற்பாதியும் ஓரளவு கை ஓய்ந்திருக்கும். பயிர் பூத்துப் பால் பிடிக்கும் அந்த நாட்களில் வயலில் தண்ணீர் பார்ப்பதும் பூச்சி பார்ப்பதும்தான் வேலை. சுசீந்திரத்தில் மார்கழித் திருவாதிரைத் திருவிழா நடப்பதும் தேர் ஓடுவதும் அப்போதுதான். கன்னியாகுமரிக்கு வெளியூர்க் கூட்டம் அதிகம் வருவதும் அப்போதுதான். ஓலைப்பொருள் விற்கவும் அதுவே காலம்.

ஆனால் மார்கழியில் முடைய வேண்டிய ஓலையை மார்கழியில் வெட்டிக் காயவைக்க முடியாது. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. குருத்தோலையைப் பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்துச் சுருட்டிக் கட்டி, காற்றோட்டமான பரணில் ஏற்றிவிட வேண்டும். பதநீர் இறக்குகிற பருவமும் அதுவே என்பதால் பனையேறி எப்படியும் மரத்தில் ஏறுவார். ஓலைக்கென்று தனியாக ஏற்றுக்கூலி கொடுக்க வேண்டியதில்லை. அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் பழைய பனையேறிக் குடும்பங்களில் ஆண் மரத்தில் ஏற, பெண் கருப்பட்டி காய்ச்சி, ஓய்ந்த நேரத்தில் அந்த மரத்து ஓலையிலேயே கருப்பட்டிக்குக் கொட்டானும், நெல்லுக்குக் கடவமும், பிள்ளைக்குக் கிலுகிலுப்பையும் முடைந்தார்கள். தொழில் வேறு, கைவினை வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. வைக்கோலைத் திரித்து விதைக்கோட்டை கட்டிய நாஞ்சில் நாட்டு உழவரும் அப்படித்தான், அதைக் கலை என்று யாரும் அழைக்கவில்லை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குருத்து என்பது பனையின் உயிர்நாடி. ஒரே மரத்தில் அடுத்தடுத்து வந்த குருத்தையெல்லாம் எடுத்துக்கொண்டே போனால் தலை சிறுத்து, நுங்கும் பதநீரும் குறைந்து, கடைசியில் மரமே நலிந்துபோகும். ஒரு குருத்தை எடுத்தால் அடுத்து வருவதை விரியவிட வேண்டும். வெட்டுக்காயம் உள்ள இடத்தைக் கூன்வண்டு தேடி வரும் என்பதால் மழை நாளில் குருத்து வெட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. உயரமான மரத்தில்தான் ஓலை என்பதில்லை. வரப்பிலும் குளத்தங்கரையிலும் நிற்கும் வடலியிலிருந்து தரையில் நின்றபடியே ஓலை எடுக்கலாம். சொந்த வரப்பில் பத்தடிக்கு ஒரு கொட்டை ஊன்றிவிட்டால், பதநீருக்குத்தான் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், முடைகிற ஓலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். குளக்கரை மரங்களில் கைவைக்குமுன் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு அனுமதி பெற வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு பனையை வெட்டிச் சாய்ப்பதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை.

வீட்டில் யார் என்ன செய்வது

வாசகியின் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இது வழக்கம்தான். கைவினைக்கு நேரம் தேடும்போது பெண்ணின் நாளையே கிள்ளிக் கிள்ளிப் பார்க்கிறோம். அதில் ஏற்கெனவே கிள்ள ஒன்றும் மிச்சமில்லை. மாலைப் பாலைக் கறந்து கொண்டுபோய் ஊற்றும் வேலையை இந்த இரண்டரை மாதத்துக்குக் கணவர் எடுத்துக்கொண்டால் நாளுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். 70 நாளில் அது 52 மணி நேரம், அதாவது 42 பெட்டி. ஓலை வாங்கி வருவது, ஈர்க்கு நீக்குவது, முடிந்த பெட்டிகளை எண்ணிக் கட்டிவைப்பது எல்லாம் ஆண் கைக்கும் வரும் வேலைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓலை கிழிக்கச் சொல்லிக்கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அரையாண்டுத் தேர்வு மார்கழியில்தான் வருகிறது. பெட்டிக்காகப் பெண்பிள்ளையின் படிப்பு நேரத்தைத் தொட்டால் அந்தப் பெட்டிக்கு எந்த விலையும் கட்டுப்படியாகாது.

நடக்க முடியாத மாமியாரை வாசகி வேலைச் சுமையின் பட்டியலில் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன நோய் என்பது கடிதத்தில் இல்லை. கையும் கண்ணும் நன்றாக இருந்தால் அவரைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய பல பெண்களுக்கு விளிம்பு கட்டும் முறைகள் நாலைந்து தெரியும். முடைவதை மொபைலில் பார்த்துக்கூடக் கற்றுக்கொள்ளலாம். விளிம்பு இழுக்கும் இறுக்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டுக் காட்டினால்தான் பிடிபடும். மெத்தையைச் சுவரோரம் சாய்த்து, மடியில் ஒரு பலகை வைத்து நாளுக்கு இரண்டு பெட்டி அவரால் விளிம்பு கட்ட முடிந்தால் மருமகளுக்கு உதவி. மாமியாருக்கும் பகல் பொழுது நீளமாகத் தெரியாது.

சாயம் காய்ச்சுகிறவர்கள் அதற்கென்று ஒரு பழைய அண்டாவை ஒதுக்கிவிட வேண்டும். சாயம் காய்ச்சிய பாத்திரம் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. சாய நீரை மாட்டுத் தொட்டிப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. தின்பண்டம் வைக்கிற பெட்டிக்கு உட்புறம் சாயமில்லாத ஓலையே நல்லது. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்காவிட்டால் நாற்று நட்ட இடுப்பு இரட்டை வலி கொடுக்கும்.

சினேகிதியிடம் காசு கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் எப்படி என்பதுதான் சங்கடம். “மைனி, நமக்குள்ள என்ன கணக்கு?” என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அதற்கு மேல் வாய் திறக்க முடியாது. அதனால் தொகையை வைத்துப் பார்ப்போம்.

2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். ஒன்றேகால் மணி நேரப் பெட்டிக்குக் கூலி மட்டும் 52 ரூபாய் 50 காசு. ஓலை, நார், சாயம் எல்லாம் 12 ரூபாய் என்று கொண்டால் அடக்கம் 65 ரூபாயைத் தொடுகிறது. 300 பெட்டிக்கு 19,500. இதைச் சினேகத்துக்காக இலவசமாகச் செய்தால், கையிலிருந்து ஓலைச் செலவும் போய், ஏறக்குறைய 47 நாள் கூலியை மொய்யாக எழுதியதற்குச் சமம். எந்தச் சினேகிதியும் அவ்வளவு பெரிய மொய்யைத் தெரிந்தே வாங்கிக்கொள்ள மாட்டாள். தெரியாமல் வாங்கிவிட்டு, பிறகு ‘நாற்பது ரூபாய்ப் பெட்டிதானே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனம் முறிந்துபோகும். இருபது வருடப் பழக்கம் இப்படி முறிந்த கதை எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும்.

பரிசு என்றால் முழுப் பரிசாகக் கொடுக்க வேண்டும், எண்ணிக்கை சிறிதாக இருக்க வேண்டும். மணமகளுக்கென்று நல்ல வேலைப்பாட்டோடு ஒரு பெரிய மூடிப்பெட்டி. அதற்கு விலை பேசவே கூடாது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் பெட்டி ஆர்டர். அதற்கு விலை உண்டு, முன்பணம் உண்டு, தேதி உண்டு. பாதி விலைக்குச் செய்கிறேன் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கொடுத்தவளுக்குக் கொடுத்த திருப்தியும் இருக்காது, வாங்கியவளுக்கு விலை கொடுத்த நிம்மதியும் இருக்காது.

இன்னொரு வகைச் சினேகிதிகளும் உண்டு, சேர்ந்து முடையக் கூடியவர்கள். 375 மணி நேரத்தை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 94 மணி. நாளுக்கு இரண்டு மணி நேரமாக 47 நாளில் முடிந்துவிடும். மதியம் இரண்டு முதல் நாலு வரை ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால், தனியாகச் செய்யும்போது வருகிற சலிப்பும் வராது. பேச்சோடு பேச்சாகக் கை ஓடும். உரம் எந்தக் கடையில் இருக்கிறது, யார் வயலில் புகையான் வந்திருக்கிறது என்ற செய்தியும் அங்கேயே கிடைக்கும். அது ஒன்றும் குறைந்த லாபமில்லை.

ஆனால் நாலு கை சேர்ந்தால் நாலு அளவு பெட்டி வரும். எல்லோரும் ஒரே அளவுக் காலி டப்பாவை அச்சாக வைத்துக்கொண்டு முடைய வேண்டும். விளிம்பு நன்றாகக் கட்டுகிறவர் விளிம்பு மட்டும் கட்டலாம். அப்படியானால் அடி முடைவதற்கு எவ்வளவு, விளிம்புக்கு எவ்வளவு என்று முதல் நாளே பேசி நோட்டில் எழுதிக் கொள்ள வேண்டும். யார் எத்தனை, எந்தத் தேதி என்று தினமும் எழுத வேண்டும். காசு கைக்கு வருகிற அன்று ஞாபகத்திலிருந்து பங்கு பிரித்த குழுக்கள்தான் பெரும்பாலும் உடைந்திருக்கின்றன. ஒருத்தி நாலு நாள் வராமல் போனால் அதற்குக் காரணம் கேட்டுக் கோபப்படாமல், அந்த நாலு நாள் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாருக்கு ஆஸ்பத்திரி என்று எல்லோர் வீட்டிலும் ஒரு நாள் வரத்தான் செய்யும்.

சேர்ந்து செய்த கை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கொட்டான் ஓர் உதாரணம். ஒரு காலத்தில் ஆச்சிமார் வீட்டில் உட்கார்ந்து, மணியும் நூலும் வைத்து அலங்கரித்துக் கல்யாணச் சீருக்காகச் செய்த பனையோலைப் பெட்டி அது. பிறகு பிளாஸ்டிக் கூடை வந்து வழக்கம் ஏறக்குறைய அழிந்தே போனது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை பழைய கொட்டான்களைத் தேடிப் பார்த்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதைத் திரும்பக் கொண்டுவந்தது. யுனெஸ்கோவின் தரச் சான்றும் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தன. வசதியான வீட்டுப் பொழுதுபோக்காக இருந்தது, கூலிக்குப் போகிற பெண்களின் வருமானமாக மாறியது. மாறும்போது கூடவே அளவு, வண்ணம், விலை எல்லாம் எழுத்தில் வந்தன.

சந்தையும் இப்போது முன்போல் மோசமில்லை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் பலகாரக் கடைகளும் கல்யாண வீடுகளும் ஓலைப்பெட்டியைத் தேட ஆரம்பித்திருக்கின்றன. சுய உதவிக் குழுவாகச் சேர்ந்தால் மகளிர் திட்ட அலுவலகம் வழியாகக் கண்காட்சிகளில் இடம் கேட்கலாம். முப்பத்தைந்து வயதைக் கடந்த கைவினைஞர்களுக்கு மானியத்தோடு கடன் கொடுக்கும் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. அதிகபட்சக் கடன் மூன்று லட்சம், மானியம் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மிகாமல். விண்ணப்பத்துக்கும் இப்போதைய விதிகளுக்கும் நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஒரு கல்யாண ஆர்டரை நம்பிக் கடன் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து விற்றுப் பார்த்தபின் யோசிக்கலாம்.

கேட்ட வாசகிக்கு

இந்த வாரமே சினேகிதி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட வேண்டும். மார்கழியில் போய் முடியவில்லை என்றால் கல்யாண வீட்டார் வேறு ஏற்பாட்டுக்கு எங்கே போவார்கள்? கணக்கு எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். “நான் ஒருத்தியாச் செய்தா நூறு பெட்டிக்கு மேல முடியாது. முந்நூறும் வேணும்னா இன்னும் மூணு பேரைச் சேர்க்கணும், அவங்களுக்குக் கூலி கொடுக்கணும்” என்று சொன்னால் அதில் மனத்தாங்கலுக்கு ஒன்றுமில்லை. 100 பெட்டி போதும் என்றால் நெருங்கிய உறவுகளுக்குப் பெட்டி, மற்றவர்களுக்குத் துணிப்பை என்று அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மணமகளுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் மூடிப்பெட்டியைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்க வேண்டாம்.

முன்பணம் வாங்கிய மறுநாள் ஓலை வாங்கப் போகலாம். ஐப்பசி மழையில் வெட்டிய பச்சை ஓலையை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் காய்ந்து சுருட்டி வைத்த குருத்தோலையாகப் பார்த்து, கட்டைப் பிரித்து நடுவில் கைவிட்டுப் பாருங்கள். நடு ஓலை குளிர்ச்சியாக இருந்தாலோ பூசண வாடை அடித்தாலோ அடுத்த கட்டைக் கேளுங்கள்.